ஹட்டன் லேன் நிப்போங்கோ வகுப்பு

யோகம்மா அக்கா மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தபோது அதைக் கேட்டார். கை வேலையில் இருந்ததால்தான் கேட்க முடிந்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, குடிக்கிற ஆம்பிளையள் சிலபேர் ஒரு இடத்திலை கூடிக் குடியை விடுகினமாம். ரேஷன் வரிசையிலை நிண்ட பொம்பிளை ஒராள் சொன்னவ. எவடம் எண்டு அவவுக்கும் தெரியாதாம்."

"கூடி என்ன செய்கினம்?"

"அதைத்தான் நானும் கேட்டனான். கதைக்கினமாம்."

"கதைச்சால் குடி விடுமோ அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் படிச்சனீங்கள். ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோவன்."

அது 1943-ஆம் ஆண்டின் கடைசி. காகிதங்களில் ஜப்பான்காரரின் ஆண்டுக் கணக்குப்படி 2603 என்று எழுதவேண்டும். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்காக ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தோம். பினாங்கில் மழைக்காலம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுப் பின்புறத்தில் பூச்செடி இருந்த இடமெல்லாம் மரவள்ளி நின்றது. காலையில் மரவள்ளிமாப் புட்டு. இரவில் மரவள்ளிக் கஞ்சி. தேங்காய்ச் சம்பல் மட்டும் பழைய ருசியில் இருந்தது.

நான் அந்த வீட்டின் முன்னறையில் குடியிருந்தேன். டத்தோ கிராமாட் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் மூன்றாவது வீடு. 1941 டிசம்பர் பதினோராம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட வந்தபோது என் மனைவி பத்மாவதி சந்தைக்குப் போயிருந்தாள். வேடிக்கை பார்க்க எல்லாரும் வீதிக்கு வந்தார்கள். அவளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள் என்று சொன்னார்கள். கல்யாணமாகி ஏழு மாதம். அதன்பின் நாங்கள் இருந்த வீட்டை விட்டு இங்கே வந்தேன். சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பு முடித்து இங்கிலிஷ் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். ஜப்பான்காரர் மூன்று மாதம் எனக்குத் தங்கள் மொழியான நிப்போங்கோவைக் கற்பித்து, அந்த மொழியைக் கற்பிக்க அதே பள்ளிக்கு அனுப்பினார்கள். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும். மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு வேலையில்லை. யோசனையும் இல்லை. பத்மாவதியின் முகம் படத்தில் இருந்த அளவுக்குத்தான் நினைவில் இருந்தது. குரல் போய்விட்டது.

யோகம்மா அக்காவின் கணவர் அம்பிகைபாகன் துறைமுகக் கொட்டகையில் தலைமைக் குமாஸ்தா. நாற்பத்துமூன்று வயது. வெள்ளைக்காரன் காலத்தில் சனிக்கிழமை கிளப்பில் பிராந்தி குடிப்பார். ஜப்பான்காரன் காலத்தில் பிராந்தி இல்லை. சந்தைக்குப் பின்னால் களவாகக் காய்ச்சும் மரவள்ளிச் சம்சு இருந்தது. அதை நாள்தோறும் குடித்தார். கொட்டகை அதிகாரி அவரை இரண்டு முறை அறைந்துவிட்டான். மூன்றாவது முறை வேலை போகும் என்று சொல்லியிருந்தான். வேலைச்சீட்டு இல்லாத ஆளைப் பிடித்துச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பினார்கள். பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒரு கடிதம்கூட வரவில்லை.

அக்காவுக்கு இருந்த பயம் அதுதான். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு எதையும் பற்றி யாரும் நினைக்கவில்லை, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

எனக்கு எதிலும் அக்கறையில்லாத காலம் அது. ஆனால் கதைத்தால் குடி விடுமா என்ற கேள்வி மட்டும் போகாமல் நின்றது. தேடினேன். கோயில் மணியகாரரைக் கேட்டேன். அப்படி ஒன்று இருந்தால் தனக்குத் தெரியாமல் இருக்காது என்றார். மருந்துக்கடை டிரெஸ்ஸரைக் கேட்டேன். அவரே கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார், சம்சு மணம் வந்தது. ஒரு கிழமை போனது. குடியை விட்டவர்களை யாருக்குத் தெரியும் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. குடி விற்றவளுக்குத் தெரியும்.

சந்தைக்குப் பின்னால் இருந்த சீனக் கிழவியிடம் போனேன். மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் உட்கார்ந்து மரவள்ளித் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். முன்பு வாடிக்கையாக வந்து இப்போது வராதவர் யாராவது உண்டா என்று மலாயில் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹட்டன் லேன் சாப்பாட்டுக்கடைக்காரன் வருவதில்லை. தொங்காங் படகில் மூட்டை தூக்குகிறவன் வருவதில்லை. இன்னும் இரண்டு பேர். எல்லாரும் சாயங்காலம் நிப்போங்கோ படிக்கப் போகிறார்களாம். பைத்தியம்! இந்த வயதில் என்ன படிப்பு?"

கிழவிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

கிழவி சொன்ன சாப்பாட்டுக்கடைக்காரர் சுலைமான். அவர் கடை ஹட்டன் லேனில் ஒரு முனையில் இருந்தது. முன்பு ஆட்டுக்கறியும் சோறும் கிடைத்த கடை. இப்போது கிழங்கு அவியலும் கருவாட்டுக் குழம்பும், சோளம் வறுத்து இடித்த கோப்பியும். பின்கட்டுக் கதவில் ஜப்பானிய முத்திரை வைத்த தாள் ஒட்டியிருந்தது: நிப்போங்கோ வகுப்பு, மாலை ஏழு மணி. தோக்கியோ ஏழு, பழைய நேரத்துக்கு ஐந்தரை. வெயில் இருந்தது.

உள்ளே நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். சுவரில் கரும்பலகை. அதில் எழுதியிருந்த எட்டு எழுத்துகளில் மூன்று பிழை.

"என்னா தம்பி வேணும்? கோப்பி முன்னாடிதான்" என்றார் சுலைமான். ஐம்பது வயதிருக்கும். கைலியும் சட்டையும் சுத்தமாக இருந்தன.

"இந்த எழுத்து தலைகீழா இருக்கு" என்றேன்.

நான்கு கத்திகளும் நின்றன.

"நீங்க நிப்போங்கோ வாத்தியாரா?"

"ஓம்."

"அல்லா அனுப்பி வச்சாருலா இவர" என்றான் கடைசியில் இருந்தவன். தோள் அகன்ற ஆள். அவன்தான் தொங்காங்கில் மூட்டை தூக்கும் நாகூர் மீரான். "எங்க வாத்தியார் தைப்பிங்குக்குப் போயி ஒரு மாசமாச்சு. அதிகாரி வந்து பலகையப் பாத்தான்னா எங்க எல்லாரையும் தூக்கிருவான்."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். சுலைமான் கேட்டுக்கொண்டே ஒரு கிழங்கைச் சீவி முடித்தார்.

"உங்களுக்குக் குடி உண்டா?"

"இல்லை."

"பொறகு எதுக்குப் பயப்படாம உள்ள வந்தீங்க?"

"எப்பிடி விடுறியள் எண்டு பாக்க."

அவர் சிரித்தார். "எப்படியும் இல்ல தம்பி. அஞ்சரைக்கு எங்க எல்லாருக்கும் தொண்ட காயும். கடிகாரத்த ஜப்பான்காரன் தள்ளி வச்சான், தொண்டய தள்ளி வைக்க முடியல. அந்நேரத்துக்கு இங்க வந்து குந்திருவோம். கை சும்மா இருந்தா கிளாஸத் தேடும். அதுக்கு இந்தக் கிழங்கு. நாளைக்குக் கடைக்கு மாவாச்சு. அஞ்சு பேருக்கு மேல கூடினா பெர்மிட் கேக்குறான். நிப்போங்கோ படிக்கிறோம்னா கேக்காமயே சாப் குத்திக் குடுக்குறான்."

"என்ன கதைப்பியள்?"

"நேத்துக் குடிச்சியா இல்லையா. அவ்வளவுதான். நாளைக்குக் குடிக்கமாட்டேன்னு இங்க யாரும் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"நாளைக்கு ஜப்பான்காரன் கையில இருக்கு" என்றான் மீரான்.

"சத்தியமும் பண்ணக் கூடாது" என்றார் சுலைமான். "நான் குர்ஆன் மேல பண்ணேன். எம் பொண்டாட்டி தலையில பண்ணேன். இவன் நாகூர் ஆண்டவர் பேருல மூணு தடவ. அந்தச் சத்தியக் கடையில எங்க யாருக்கும் இனிமே சரக்கு இல்ல. நேத்து மட்டுந்தான் எங்ககிட்ட இருக்கு. அத மறைக்காம சொல்லணும்." கத்தியைத் துடைத்தார். "எங்க ஆளுங்க மத்தியில நான் குடிச்சேன்னு வாயத் தொறக்க முடியாது தம்பி. பள்ளிவாசலுக்குப் பொறகு நான் பொய் சொல்லாத எடம் இது ஒண்ணுதான்."

அன்று பலகையைத் திருத்தி எழுதிவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன்.

அம்பிகைபாகன் அண்ணையிடம் குடிகாரர் கூடும் இடம் என்று சொன்னால் வரமாட்டார். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, ஊரெல்லாம் தெரிந்த ஆள். வகுப்பு நடத்துகிறேன், நிப்போங்கோ தெரிந்தால் கொட்டகையில் அடி குறையும் என்றேன். வந்தார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராக நேற்றைச் சொன்னபோது அவருக்கு விளங்கிவிட்டது. காதுவரை சிவந்து எழுந்தார்.

"மூர்த்தி, இது என்ன இடம்? என்னை ஆரெண்டு நினைச்சுக் கூட்டிவந்தனீர்?"

சுலைமான்தான் சொன்னார்: "உக்காருங்க குமாஸ்தா. யாரும் உங்கள ஒண்ணும் கேக்கல. அந்தக் கிழங்கச் சீவிட்டுப் போங்க."

ஏனோ உட்கார்ந்தார். கோபத்தில் ஒரு கூடை சீவினார். மூன்றாம் நாள், யாரும் கேட்காமல், "நேற்றுக் குடிச்சனான்" என்றார். யாரும் கத்தியை நிறுத்தவில்லை. "சரி" என்றார் சுலைமான். அடுத்தவன் சொல்லத் தொடங்கினான். அண்ணை அதற்கு மேல் ஏதோ வரும் என்று சுற்றிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

அந்தக் கிழமையே வீட்டில் ஒரு சண்டை. வாசலில் நின்று அவர் கையைப் பிடித்து மணந்து பார்த்தார் அக்கா.

"மரவள்ளி மணக்குது! இவ்வளவு நாளும் வாய்தான் மணந்தது. இப்ப கையும் மணக்குது. சம்சுவிலை குளிச்சனீங்களோ?"

"அது கிழங்கு, யோகம்! பச்சைக் கிழங்கு! சீவினனான்!"

"நீங்களோ? இந்த வீட்டிலை ஒரு கிழங்கு சீவியிருக்கிறியளோ? தம்பி, உவர் சொல்லுறதைக் கேட்டீங்களோ?"

நான் சாட்சி சொன்னேன். அக்கா நம்பாமல் ஒரு கிழங்கையும் கத்தியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். அண்ணை நடு முற்றத்தில் நின்று ஒரே சுற்றில் தோலை உரித்து நீட்டினார். அக்கா அந்தத் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வகுப்புக்கு என் பங்கு ஒன்றுதான். சுவருக்கு அப்பால் காது உண்டு. நான்கைந்து ஆண்கள் தமிழில் குசுகுசுப்பது நல்லதல்ல. நேற்றைச் சொல்ல ஒரு நிப்போங்கோ வாக்கியம் கற்பித்தேன். கினோ நோமிமாசென் தெஷ்தா. நேற்றுக் குடிக்கவில்லை. குடித்திருந்தால், நோமிமாஷ்தா. வெளியே கேட்பவனுக்கு அது பாடம். அவரவர் எழுந்து நின்று சொல்வார்கள். மீரான் முதல் மாதத்தில் இரண்டு முறை நோமிமாஷ்தா சொன்னான். இரண்டாவது முறை அழுதான். ஒருவர் கிழங்குக்கூடையை அவன் பக்கம் தள்ளினார். அண்ணை ஜனவரி முழுவதும் குடிக்கவில்லை என்ற ஒரே வாக்கியத்தையே சொன்னார். பிப்ரவரியிலும்.

நான் பலகை ஓரமாக நின்று கேட்பேன். எப்படி என்று பார்க்கத்தான் வந்தேன், இன்னும் பிடிபடவில்லை. யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மருந்தில்லை. பூசையில்லை. நேற்று என்ற ஒரு நாளைப் பற்றி ஐந்தாறு சொற்கள். ஒருநாள் மீரான் என்னைக் கேட்டான்: "வாத்தியாரே, நீங்க நேத்து என்னா பண்ணீங்க?"

"நான் வாத்தியார் மட்டும்" என்றேன்.

"வாத்தியாருக்கு நேத்து கிடையாதாலா?"

நான் பலகையைத் துடைத்தேன்.

மார்ச் தொடக்கத்தில் மேல்மாடியில் பித்தளைத் தட்டைக் கரண்டியால் அடிக்கும் சத்தம் கேட்டது. சுலைமானின் மனைவி ஆசியா பீவி. அந்நிய ஆள் வந்தால் அவர் தட்டுவார். கிழங்குக்கூடை பெஞ்சுக்கு அடியில் போனது. கல்விப் பகுதி அதிகாரி ஒருவன் உள்ளே வந்தான். எல்லாரும் எழுந்து குனிந்தோம். அவன் மீரானைக் காட்டினான்.

"கினோ நோமிமாசென் தெஷ்தா!" என்று மூட்டையை இறக்குவதுபோலச் சொன்னான் மீரான்.

எதைக் குடிக்கவில்லை என்று அதிகாரி நிப்போங்கோவில் கேட்டான்.

மீரானுக்கு வேர்த்தது. "ஓச்சா" என்றான். தேநீர்.

நேற்று ஏன் தேநீர் குடிக்கவில்லை என்று கேட்டு அதிகாரி சிரித்தான். அவனுக்குத் திருப்தி. மாதக் கடைசியில் தேர்வு, இந்த வகுப்பும் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் சுலைமான் உட்கார்ந்துவிட்டார். "பரீட்ச எழுதுறது பெரிசில்ல. முதலா வர்ற ஆள ஏப்ரல் இருபத்தொம்பது, சக்கரவர்த்தி பொறந்த நாளன்னிக்கு மேடையில ஏத்துவான். போன வருசம் என் சின்னம்மா மகன் கமால ஏத்துனான். தாள் ஒண்ணு குடுத்தான். பொறகு ஒரு கோப்பை சாக்கே. அரிசிச் சாராயம். நான் முஸ்லிம்னு கமால் சொன்னான், விட்டுட்டான். முஸ்லிம் இல்லாத ஆள விடமாட்டான்."

"அப்ப எல்லாரும் பெயிலாகிருவோம்" என்றான் மீரான். "எனக்குச் சொல்லித்தர வேணாம்லா. நான் எழுத்தே தெரியாம பெயிலாவேன்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணையும் தலையாட்டினார். பாதிக் கேள்விகளுக்கு மேல் எழுதக்கூடாது என்று முடிவு.

தேர்வு முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது இருநூறு பேரில் முதற்பெயர் அம்பிகைபாகன்.

வகுப்பில் யாரும் கிழங்கைத் தொடவில்லை.

"என்னா குமாஸ்தா இது?" என்றார் சுலைமான்.

அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விடத்தான் நினைச்சனான். சத்தியமாய். சரி, சத்தியம் இல்லை. பாதியோடை எழும்பத்தான் நினைச்சனான். தாளிலை கட்டம் கட்டமாய் இருந்தது. இருபத்திரண்டு வருசம் கட்டம் நிரப்பின கை சுலைமான். ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடக்க, எழும்பேலாமல் போட்டுது. ஒண்டை நிரப்பினன். பக்கத்துக் கட்டம் என்னைப் பாத்துது."

மீரான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். சுலைமான் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அக்கா அகப்பையோடு வெளியே வந்தார். "முதலாவதோ? இருநூறு பேரிலையோ?" முகம் மலர்ந்துவிட்டது. உடனே, "கடவுளே, அந்தக் கோப்பை" என்றார். அகப்பையிலிருந்து கஞ்சி காலில் ஒழுகியது தெரியவில்லை.

அதன்பின் மூன்று கிழமையும் வகுப்பில் பேச்சு அதுவே.

"காய்ச்சல்னு படுத்துருங்க" என்றார் ஒருவர்.

"சக்கரவர்த்தி பொறந்த நாளுக்குக் காய்ச்சலா? வீட்டுக்கே வந்து அறைவான். வேலையும் போச்சு, நேரா சயாம்தான்."

"வாயில வச்சுக்கிட்டு ஓரமாப் போய்த் துப்பிருங்க" என்றான் மீரான்.

"நாக்குல பட்டாப் போதும்டா. வயிறு கேக்காம விடுமா? உனக்குத் தெரியாதா?"

அண்ணை நிதானமாகச் சொன்னார்: "ஏன் எல்லாரும் பயப்படுறியள்? ஒரு கோப்பைதானே. சின்னக் கோப்பை."

கத்திகள் நின்றன. யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை அங்கிருந்த எல்லாரும் எப்போதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கே தெரிந்தது. அண்ணைக்கும் அது காதில் விழுந்திருக்கவேண்டும். கிழங்கை எடுத்தார். கை வழுக்கி விரலை வெட்டிக்கொண்டார்.

ஏப்ரல் இருபத்தொன்பது. இரவு மழை பெய்து பாடாங் புல்வெளி சொதசொதவென்று கிடந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்து நின்றோம். வெயில் ஏறியது. பிறகு எதிரே இருந்த மண்டபத்துக்குள் பரிசு. வகுப்பு வாத்தியாரும் மாணவன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றார்கள். அண்ணை கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் இருந்தார். அக்கா தேய்த்துக் கொடுத்தார். வாசலில் விபூதி பூசிவிட்டு, என்னிடம் மட்டும், "பக்கத்திலை நில்லுங்கோ" என்றார்.

வகுப்புக்கு வந்த அதே அதிகாரிதான் தாளைக் கொடுத்தான். கைதட்டல். மேசையில் வெள்ளைக் கூஜாவும் விரலளவு கோப்பையும். அவனே ஊற்றினான். நீரைப்போல இருந்தது. அவிந்த சோற்றின் மணம். இரண்டு வருடமாக யாரும் நெஞ்சு நிறைய முகராத மணம்.

அண்ணையின் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அது கொஞ்சம் வேகமாக நீண்டது.

நான் ஒரு அடி முன்னே போய்க் குனிந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று வாய் திறக்கும்வரை தெரியாது. எங்கள் நாட்டில், ஆசிரியர் நிற்கும் இடத்தில் மாணவன் குடிக்கமாட்டான், மாணவனுக்கு வரும் கோப்பையை ஆசிரியரே வாங்கிக் குடிப்பார் என்று நிப்போங்கோவில் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

அறை விழும் என்று கன்னம் காத்திருந்தது. அதிகாரி என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணை நீட்டிய கையை மெல்ல மடக்கி, என் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

அதிகாரிக்கு அது பிடித்துவிட்டது. ஆசிரியரை இப்படித்தான் மதிக்கவேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினான். கோப்பையை என்னிடம் தந்தான். குடித்தேன். மாணவனுக்காக இன்னொன்று என்றான். குடித்தேன். வகுப்புக்காக ஒன்று. அதையும்.

வெளியே கடற்காற்று அடித்தது. நாங்கள் பினாங் ரோட் வழியாக நடந்தோம். நான் இருபத்தெட்டு வயதுவரை ஒரு துளி குடித்தவனில்லை. கால் தரையில் படுவது தெரிந்தது. அது வெகுநாளாகத் தெரியவில்லை என்பதும் தெரிந்தது. மூடிய ஒரு கடை வாசலில் நடக்கும்போது பத்மாவதி பேசினாள். அந்த டிசம்பர் காலையில் படியிறங்கும்போது சொன்னது. "குடையை எடுத்துக்கொண்டு போறன், உங்களுக்கு வேணுமெண்டால் இப்பவே சொல்லுங்கோ." அதே குரல். கடைசியில் கொஞ்சம் எகிறும் குரல். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் என்றிருந்தது. அது மங்கத் தொடங்கியது.

"அண்ணை" என்றேன். "அந்தச் சீனக்கிழவியின்ரை கடை இந்நேரம் திறந்திருக்குமோ?"

அவர் நின்றார். பரிசுத் தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். வெட்டுக்காயம் இருந்த விரல் அழுத்தியது. வீடுவரை விடவில்லை.

அக்கா வாசலில் நின்றார். மணம் அவருக்கு முதலில் எட்டியது. முகம் செத்துவிட்டது. அண்ணை ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் போய்க் குனிந்து, பல்வைத்தியரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்து நின்றார். அக்கா மணந்து பார்த்தார். மறுபடியும் மணந்தார். கையையும் பிடித்து மணந்தார்.

பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி... நீங்களோ?"

நான் முன்னறைக்குள் போய்ப் படுத்தேன். கதவை அண்ணை திறந்தே வைத்தார். அன்று முழுவதும் அவர் கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது தெரியும். ஒருமுறை அக்கா கஞ்சி கொண்டுவந்தார். ஒருமுறை அவர்கள் இருவரும் ஏதோ மெல்லச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்.

மறுநாள் பழைய நேரம் ஐந்தரை. வகுப்புக்குப் போனோம். அதற்கு முன்பே, சுமார் ஐந்து மணிக்கு, என் தொண்டை காய்ந்தது. உண்மையில் காய்ந்ததா, நினைத்துக்கொண்டேனா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். மீரான், நோமிமாசென் தெஷ்தா. சுலைமான், நோமிமாசென் தெஷ்தா. அண்ணை எழுந்தார். எல்லாரும் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"கினோ நோமிமாசென் தெஷ்தா" என்றார்.

மீரான் பெஞ்சைக் குத்தினான். "எப்படிலா! எப்படித் தப்புனீங்க?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலப் பலகை ஓரத்தில் நின்றிருந்தேன். சோக்கட்டி என் கையில் இருந்தது.

"கினோ நோமிமாஷ்தா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"மூண்டு கோப்பை" என்றேன். "நல்லாயிருந்தது. இன்னும் வேணும் எண்டு இருந்தது. என்ரை மனுசி கதைச்சா."

சோக்கட்டியை உள்ளங்கையில் உருட்டினேன்.

"சரி" என்றார் சுலைமான். எல்லாருக்கும் சொல்லும் அதே குரல். பெஞ்சில் நகர்ந்தார். அவர் நகர, அடுத்தவர் நகர, மீரான் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரு ஆள் உட்காரும் இடம் வந்தது.

அம்பிகைபாகன் அண்ணை என் கையிலிருந்து சோக்கட்டியை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனார். முதலாவதாக வந்த ஆள். எழுத்துகள் வரிசையாக, கட்டத்துக்குள் இருப்பதுபோல விழுந்தன.

நான் உட்கார்ந்தேன். யாரோ கூடையைத் தள்ளினார்கள். கத்தி மழுங்கியிருந்தது. கிழங்கின் ஒரு முனையைப் பிடித்துத் தோலைச் சீவத் தொடங்கினேன்.